ஹெல்மெட்டுக்குள் இருந்த காவ்யா

பருத்திப்பட்டு வேம்புலி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூட்டை தூக்கியே மகள் காவ்யாவை இந்திய ஹாக்கி அணிக்குக் கோல்கீப்பர் ஆக்கிவிட்டார். ஆறு வருடத்தில் எழுபது சர்வதேசப் போட்டி. தெருதான் நம்பவில்லை. டிவியானாலும் பேப்பரானாலும் ஹெல்மெட்தானே தெரிகிறது!

"சட்டையில காவ்யான்னு போட்டுக்கீதுடா!" என்பார் வேம்புலி.

"ஊர்ல நூறு காவ்யா கீது நைனா," என்று சிரித்தான் டீக்கடை கோபி.

அன்று அவளுடைய கடைசிப் போட்டி. இன்றும் முகம் தெரியாவிட்டால் வேம்புலி ஆயுசுக்கும் புளுகர்தான். கோபி கடை டிவி முன்னால் தெருவே நின்றது. காவ்யா ஒன்பது பந்தைத் தடுத்தாள். முகத்தை யாரும் பார்க்கவில்லை.

இந்தியா இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்தது; மூன்றே நிமிடம் மீதி. தோற்கும் அணி செய்கிற வழக்கப்படி, கோச் கோல்கீப்பரை வெளியே அழைத்து, கோல் போட இன்னொருத்தியை இறக்கினார். பெஞ்சில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள் காவ்யா. திரை முழுக்க அவள் முகம், கண்ணெல்லாம் நீர்.

"ஐயோ, நம்ம காவ்யாதான் நைனா!" கோபி விசிலடித்தான். தெருவே கைதட்டியது.

அதற்குள் ஆளில்லாத கோலில் மூன்றாவது பந்தும் விழுந்தது. வேம்புலி அதைக் கவனிக்கவேயில்லை.

"அழுவுது பார்றா," என்றார் பூரித்துப்போய், "அப்பிடியே என் மூஞ்சி!"