பலகை முழுக்கப் பச்சை

வேலந்தாவளம் சந்தையில் என் மாட்டை விற்றுக் கொடுத்த தரகரோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய மகன் வேலைக்குப் போயிருந்த நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. உலக நாடுகளின் பொதுச்சபையில் இரவு நடந்த ஓட்டெடுப்பை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானத்துக்குப் பலகை முழுக்கப் பச்சை விளக்கு எரிந்தது.

தரகர் உடனே மகனைப் போனில் கூப்பிட்டார். "இனிப் பயமில்லே கண்ணு. அத்தனை நாடும் சம்மதிச்சாச்சு. எல்லைக்குப் போற பஸ்ல ஏற வேண்டாம், அங்கயே இரு."

சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை படிந்துவிட்டால் யாரும் பேச்சு மாறுவதில்லை. உலகமும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது, அவர்மேல் அல்ல.

"அந்தச் சபையில நாட்டுக்கு ஒரு ஓட்டுங்க. ஆனா அது சொல்றது வெறும் வேண்டுகோள்தான். கட்டாயப்படுத்தற அதிகாரம் பதினஞ்சு நாட்டுக் கவுன்சிலுக்குத்தான் இருக்குது. அதுல நிரந்தரமா உக்காந்திருக்கிற அஞ்சு நாட்டுல ஒண்ணு வேண்டாம்னு கை தூக்குனாப் போதும், தீர்மானம் செத்துரும். போன வாரமே தூக்கிட்டாங்க."

"அப்ப இத்தனை பேரு எதுக்குங்க ஓட்டுப் போட்டாங்க?"

"அது கெடக்கட்டும், மொதல்ல பையனை பஸ் ஏறச் சொல்லுங்க," என்றேன். அவர் மறுபடி மகனைக் கூப்பிட்டார்.

"சீட்டை வேறொருத்தருக்குக் குடுத்துட்டேன் அத்தா," என்றான் மகன். "எல்லைக்குப் போற கடைசி பஸ்ஸும் கிளம்பிருச்சு."

டிவியில் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.