எந்தச் சண்டை பெரிய சண்டை

என் மனைவிக்குக் குத்துச்சண்டை தெரியும் என்பது கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது, அதுவும் இன்னொருத்தன் மூலமாக. இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

பழவேற்காட்டில் படகுகள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே அவள் டீக்கடை வைத்திருக்கிறாள். நான் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன்தான், ஆனால் ஏரிக்கும் போவதில்லை, கடலுக்கும் போவதில்லை. மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. காலையில் பொன்னேரி பஸ்ஸைப் பிடித்துப் போனால், திரும்பி வரும்போது கடையில் சாயங்கால வியாபாரம் பாதி முடிந்திருக்கும். அதனால் அங்கே நடக்கும் பேச்சில் எனக்குப் பாதிதான் கிடைக்கும். அந்த மெக்கானிக் வரும்வரை அதைப் பற்றி நான் கவலைப்பட்டது கிடையாது.

அவன் ராயபுரத்து ஆள். படகு என்ஜின் ரிப்பேர் பார்ப்பவன். துறைக்குப் பக்கத்திலேயே ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். சின்ன வயதில் குத்துச்சண்டை பழகியதில் மூக்கு கொஞ்சம் கோணலாகிவிட்டது. அந்தக் கோணல் அவனுக்கு எடுப்பாக வேறு இருந்தது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் மனைவியும் அதே பக்கம், காசிமேட்டுப் பெண். என் மாமனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஊரில் எங்கே குத்துச்சண்டை நடந்தாலும் மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு போய்விடுவாராம். இது அவள் எனக்குச் சொன்னதல்ல. அவனிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் பின்னால் நின்று கேட்டது.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது கடையில் ஒரே கூட்டம். நடுவில் மெக்கானிக் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு வெளிநாட்டு ஹெவிவெயிட் சாம்பியனின் பழைய சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சாம்பியனின் பேர் எங்கள் ஆட்கள் வாயில் நுழையவில்லை, அதனால் எல்லாருக்கும் அவர் 'நம்மாளு' ஆகிவிட்டார். நம்மாளு தன் வாழ்க்கையில் ஜெயித்ததிலேயே பெரிய சண்டை எது என்பதுதான் விவாதம்.

"மொதல் சண்டைதான்க்கா," என்றான் மெக்கானிக். "ஊரே பயந்துக்கினு இருந்த ஆளை ரெண்டாவது ரவுண்டுலயே படுக்க வெச்சான். அதுக்கு மேல இன்னா வேணும்?"

"பயந்தது ஊரு. அவன் இன்னாத்துக்குடா பயப்படணும்?" என்றாள் என் மனைவி. "வயசு இருந்துச்சு, கையில வேகம் இருந்துச்சு, அடிச்சான். கடைசி காலத்துல, பட்டத்தை வுட்டுட்டுத் திரும்ப வந்து பாயிண்ட்ல ஜெயிச்சானே, அதான் சண்டை. ஒம்பதாவது ரவுண்டுல வுழுந்து எழுந்தான் பாரு. எழுந்து எவனைப் பாத்தான்? அடிச்சவனைப் பாக்கல. மூலையில நின்ன தன்னோட கோச்சைப் பாத்து, துண்டைப் போட்டுறாதேன்னு தலைய ஆட்டுனான்."

கோச் துண்டை உள்ளே வீசினால் சண்டையை விட்டுக்கொடுத்ததாக அர்த்தமாம். அதை நான் அப்புறம் செல்போனில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் எனக்குத் துண்டும் புரியவில்லை, ரவுண்டும் புரியவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை அகல விரித்துக்கொண்டு, கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு நாளும் பாலைப் பொங்க விட்டதில்லை.

என்னைப் பார்த்ததும், "இன்னாய்யா, வந்துட்டியா? டீ எடுத்துக்கோ," என்றாள். அவ்வளவுதான். மறுபடியும் ஒன்பதாவது ரவுண்டுக்குப் போய்விட்டாள்.

தப்பாக எதுவும் கிடையாது, அதைச் சொல்லிவிட வேண்டும். அவளை அக்கா என்றும் என்னை மாமா என்றும்தான் அவன் கூப்பிடுவான். மரியாதையான பையன். அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் பொறாமை வராது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்றால் இத்தனை வருஷமாக அதை எங்கே வைத்திருந்தாள்? அந்தப் பேச்சு எனக்குச் சேர வேண்டியது என்று தோன்றியது. அது தினமும் சாயங்காலம் நான் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் நேரத்தில் இன்னொருத்தனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

விவாதம் ஒரு நாளில் முடியவில்லை. தினமும் நடந்தது. நானும் பஸ்ஸில் வரும்போது நம்மாளு போட்ட சண்டைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பேர்ப்பதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவளுடைய சண்டையும் வேண்டாம், அவனுடைய சண்டையும் வேண்டாம் என்று மூன்றாவதாக ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டேன். நம்மாளு எதிராளியின் நாட்டுக்கே போய், அந்த ஜனங்களுக்கு நடுவில் ஜெயித்த சண்டை.

லீவு நாளில் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்ததும் நானே ஆரம்பித்தேன்.

"மொதல் சண்டையில எதிராளிக்கு ஏற்கெனவே தோள்ல அடி. கடைசி சண்டையில பாயிண்ட் போட்டவங்கள்ல ஒருத்தன் மாத்திப் போட்டிருந்தா நம்மாளு காலி. எதிராளி ஊருக்கே போய், சுத்தி இருக்கறவன்லாம் கத்திக்கினு இருக்க, அங்க அடிச்சு ஜெயிச்சானே, அதான் பெருசு."

ஏரிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. எங்கள் ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருத்தர் பாட்டில் இன்னொருத்தர் இறங்கக் கூடாது.

"அடுத்தவன் பாட்டுல போய் எறங்குனது பெருமையா?" என்றார் ஒரு பெரியவர். "நம்ம ஊரா இருந்தா அபராதம் போட்டிருப்போம்."

"அவங்க கூப்ட்டுத்தானே போனான்," என்றார் இன்னொருத்தர்.

"கூப்ட்டா? பாட்டுக்காரன் எவனாவது வாடான்னு கூப்டுவானா?"

நம்மாளு செய்தது அத்துமீறலா இல்லையா என்று கொஞ்ச நேரம் ஊர்க்கூட்டமே நடந்தது. அடுத்தவன் பாட்டில் இறங்குவதைப் பற்றி எனக்கும் அங்கே சொல்ல நிறைய இருந்தது. ஆனால் பெண்டாட்டியைப் பாடு என்று பேசினால் அவள் கரண்டியாலேயே போடுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன். கடைசியில், கூப்பிட்டுப் போனதால் குற்றமில்லை என்று தீர்ப்பானது. எல்லாரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள்.

அவன் என்னைப் பார்த்தான். ஒரு நிமிஷம் யோசிப்பது போல மூக்கைத் தடவினான். "மாமா சொல்றதுதான் கரெக்டு. நான் இத யோசிக்கல," என்றான்.

கடையில் சத்தம் கிளம்பியது. யாரோ என் முதுகில் தட்டினார்கள். ஜெயித்துவிட்டேன். நெஞ்சு நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவனை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்குடா வுட்டுக்குடுத்தே?"

"இல்லக்கா, மாமா சொன்னதுல நாயம் இருக்குது."

"இத்தினி நாளா நான் கூவிக்கினு இருக்கேனே, எனக்கு ஒரு வாட்டி நாயம் இருக்குதுன்னு சொன்னியா?"

"உனக்கு வுட்டுக்குடுத்தா நீ டீயே குடுக்க மாட்டேக்கா," என்றான் அவன். கடையே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். நான் மட்டும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவன் ஜெயிப்பைப் பிச்சையாகப் போட்டிருக்கிறான். நிஜச் சண்டையை அவளுக்கென்று வைத்திருக்கிறான். அதுதான் என்னை அறுத்தது.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தோம். அவள் அரிவாள்மணையைப் போட்டு மடவை மீனை ஆய ஆரம்பித்தாள். நான் எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அவன் பேச்சு உனக்கு அவ்ளோ புடிக்குதா?"

"புடிக்குது," என்றாள். செதில் உரசுவதை நிறுத்தவில்லை.

இல்லை என்று சொல்வாள் என்று நினைத்திருந்தேன்.

"எங்கிட்ட நீ இதெல்லாம் பேசுனதே இல்லையே."

"பேசுனேனே. கல்யாணம் ஆன புதுசுல டிவியில ஒரு சண்டை ஓடிக்கினு இருந்துச்சு. இவன்தான் ஜெயிப்பான்னு சொன்னேன், நீ சரின்னே. அப்பறம் வேணும்னே, இல்ல அந்தாண்ட நிக்கறவன்தான் ஜெயிப்பான்னு சொன்னேன். அதுக்கும் சரின்னே. அப்பால உங்கிட்ட இன்னாத்த பேசறது?"

எனக்கு அது ஞாபகமே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். எங்கள் தெருவில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் சட்டி பானை வாசலுக்கு வரும். எங்கள் வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூட வெளியே விழுந்ததில்லை. அவள் எது சொன்னாலும் சரி என்பேன். என்னைப் போல் ஒரு புருஷன் கிடைக்க அவள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் 'சரி' என்றுதான் வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நீ சொல்ற அந்தக் கடைசி சண்டை," என்றேன், "அதுல நம்மாளு ஜெயிக்கவே இல்ல. தோத்துட்டான். பாயிண்ட் போட்டவன் பாவம் பாத்துக் குடுத்துட்டான்."

கை நின்றது. நிமிர்ந்தாள். நெற்றியில் விழுந்த முடியை மணிக்கட்டால் ஒதுக்கினாள்.

"இன்னா சொன்னே? எந்த ரவுண்டுல தோத்தான்? சொல்லு."

"ஏழாவதுல."

"ஏழாவதுலயா?" மீனை அப்படியே சட்டியில் போட்டுவிட்டு, என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். கண் விரிந்து, முகம் சிவந்து, பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை. இந்த முகத்தை ஒரு டீ காசுக்கு தினமும் அவன் பார்த்திருக்கிறான்.