சவரக் கண்ணாடியில் ஒரு சிலந்தி

சுதந்திரம் வந்த மறு வருஷம், மைசூரில் எங்கள் கல்லூரி விடுதி. விலங்கியல் பிராக்டிகலுக்கு ஸ்பிரிட்டில் போட்ட இருபது பூச்சிபொட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்திருந்த என் அறைத்தோழனிடம் பத்தொன்பதுதான் இருந்தன. போன தடவை இதே பரீட்சையில் கோட்டை விட்டவன் வேறு.

இருபதாவதாக ஜன்னலோர மல்லிகையில் ஒரு குதிக்கும் சிலந்தியைப் பிடித்தான். மிளகளவு உடம்பு, அதில் பச்சையும் செம்புமாக மினுமினுப்பு, ஒரு வெள்ளை மீசை. கண்ணாடிக் குழாயில் அடைத்துச் சவரக் கண்ணாடி முன் வைத்தான். பிம்பத்தை எதிரி என்று நினைத்து அது முன்கால்களைத் தூக்கி ஆடியது. அதோடு அவனுக்குக் கொல்ல மனசு வரவில்லை.

“பரீட்சை நாளைக்குடா. கொடு, நான் முடிக்கிறேன்.”

“பாவம்டா, எப்புடிச் சண்டைக்கு நிக்குது பாரு.”

“ரிசல்ட் வந்ததும் உங்கப்பாகிட்ட இதையே சொல்லு.”

குழாயைப் பிடுங்கிக் கார்க்கைத் திறந்தேன். ஸ்பிரிட் பாட்டிலை எடுப்பதற்குள் சிலந்தி தாவி மறைந்தது. அறையையே புரட்டிப் போட்டும் கிடைக்கவில்லை.

“குதிக்கிற சிலந்திடா அது. மூடியத் தொறந்தா உக்காந்திருக்குமா?” என்று அவன் சிரித்தான். நான்தான் விளக்கோடு கட்டிலுக்கடியில் இன்னொரு தடவை தேடினேன்.

காலையில் பார்த்தால், அது சவரக் கண்ணாடி மேலேயே நின்று தன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. “பிடிடா!” என்று குழாயை நீட்டினேன்.

“அக்கட்டால போடா. அது செயிக்கட்டும்.”

கண்ணாடியை அதற்கே விட்டுவிட்டுக் குத்துமதிப்பாகச் சவரம் செய்துகொண்டான். பத்தொன்பது குழாய்களோடும் தாடையில் இரண்டு வெட்டுகளோடும் பரீட்சைக்குக் கிளம்பினான்.