தவிர்க்க முடியாத காரணங்கள்

பாலசுப்ரமணியம் முப்பத்தாறு வருஷம் மத்திய அரசு அலுவலகத்தில் கடிதம் எழுதியே காலத்தை ஓட்டினவர். 'வித் ரெஃபரன்ஸ் டு' என்று ஆரம்பித்தால் பழைய கடிதத்தோடு முடிச்சு விழுந்துவிடும். 'ஓயிங் டு' என்று போட்டால் காரணம் வந்துவிடும். காரியத்தைச் செய்த ஆள் மட்டும் வரவே மாட்டான். ஒருவரை அஸ்ஸாமுக்குத் தூக்கியடித்தாலும் 'நிர்வாகக் காரணங்களால்'தான். அந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள அந்த அலுவலகத்தில் ஆளில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன் மகள் சுஜாதா புனேயில் வேறு ஜாதிப் பையனைக் கட்டிக்கொண்டபோதும் அந்த வித்தைதான் கைகொடுத்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் வர இயலவில்லை என்று இங்கிலீஷில் இரண்டு வரி, கீழே முழுப்பெயர். பெற்ற மகளுக்கு இப்படி ஒரு கடிதம். அதோடு அவள் பேச்சை நிறுத்தினாள். மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். தில்லி ஜங்புராவில் இருந்த ஒற்றை அறையில், தண்ணீர் கேன் போடுகிறவர் வரும் நாளில்தான் அவர் குரல் அவருக்கே கேட்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை சுஜாதாவிடமிருந்து மெசேஜ் வந்தது.

"அப்பா, அன்னிக்கு ஏன் வரலை? நிஜத்தைச் சொல்லுங்க. அப்புறம் பேசறதா வேண்டாமான்னு பாக்கறேன்."

இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். தில்லியில் பிறந்த பெண்ணுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. அதனால் அவரும் இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தார். முதலில் தாளில் எழுதிப் பார்ப்போம் என்று, வழக்கம்போல மார்ஜின் விட்டு, 'உன் இன்றைய செய்தி தொடர்பாக' என்று தொடங்கினார். 'அப்போதைய குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு' என்று நீட்டினார். அதைக் கோடு போட்டு அடித்தார். 'ஆன் அக்கவுண்ட் ஆஃப்' என்று போட்டுவிட்டு, அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் மத்தியானம் வரை பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லா வாக்கியத்திலும் காரணம் இருந்தது, அவர் இல்லை. வேறு இங்கிலீஷ் அவரிடம் கிடையாது.

கடைசியில் போனில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினார்.

"சுஜா, எனக்கு பயம்மா. உன் சித்தப்பா வீட்டுல எல்லாரும் ஒதுக்கிடுவாங்கன்னு பயம். ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். உனக்கு வாங்கின புடவையும் பையில இருந்தது. ரயில் கிளம்பற வரைக்கும் பிளாட்பாரத்துலயே நின்னுட்டு, ஆட்டோ பிடிச்சுத் திரும்பிட்டேன். ரெண்டு நாள் கதவைப் பூட்டிக்கிட்டு உள்ளயே கிடந்தேன். யாரும் தடுக்கலை. நான்தான் வரலை."

அனுப்பிய பிறகு அவமானமாக இருந்தது, கொஞ்சம் லேசாகவும் இருந்தது. நீல டிக் விழுந்தது. மணிக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பதில் வந்தது.

"அந்த ரெண்டு நாளும் என்னப்பா சாப்டீங்க?"

அவர் விசும்பி விசும்பி அழுதார். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவள் நம்பரை அழுத்தினார்.