பாட்டுப் போடுகிற ஊர்

திருவனந்தபுரம் கப்பல் மியூசியத்தைப் பூட்டும் நேரம். நாகர்கோவிலிலிருந்து நான் கூட்டிவந்த மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளில் ஏழு பேர் அந்தப் பழைய கப்பலிலிருந்து இறங்கிவிட்டார்கள். செல்வி மட்டும் பெஞ்சை விட்டு எழ மாட்டேன் என்கிறாள். கப்பல் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லையாம். கெஞ்சிப் பார்க்கிறேன், அதட்டிப் பார்க்கிறேன். சாவிக்கொத்தோடு காவலாளி வருகிறார். திட்டப்போகிறார் என்று நினைக்கிறேன்.

"மோளுக்கு எங்கே போகணும்?"

"கொழும்பு. ரேடியோல பாட்டுப் போடுற ஊரு."

அவர் விசிலை எடுத்து நீளமாக ஊதுகிறார். "கொழும்பு எத்தியாச்சு! எல்லாரும் இறங்குங்க!"

செல்வி உடனே இறங்கி, நேராக அவர் முன்னால் போய் நிற்கிறாள்.

"பாட்டு?"

எனக்குத்தான் சங்கடமாக இருக்கிறது. அவர் சாவிக்கொத்தைப் பைக்குள் போடுகிறார்.

"மலையாளப் பாட்டு போதுமா, மோளே?" என்று கேட்டுவிட்டுத் தொண்டையைச் செருமுகிறார்.