ஈரச் சுவரும் தாய்மாமனும்

அஸ்திவாரத்தைச் சரி செய்கிறவன் மண்ணைப் போட்டு மூடிவிட்டுத் தப்பித்துவிடுவான். அதற்குப் பிறகு உள்சுவர் விரிசலைப் பூசப் போகிறவனிடம்தான் வீடே கூடி நின்று யோசனை சொல்லும். கொத்துக்கரண்டி பிடித்த அண்ணன்மாரே, உங்களுக்குத் தெரியாததா!

சிம்மக்கல்லில் ஒரு கோர்ட் குமாஸ்தா வீடு. மழையில் இறங்கிய அஸ்திவாரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். கூடத்துச் சுவரில் கை நுழைகிற விரிசல் மட்டும் பாக்கி. அதைப் பார்த்தே இரண்டு மாப்பிள்ளை வீட்டார் காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமை எழுமலையிலிருந்து மூன்றாவது இடம் வருகிறது. இதுவும் தட்டிப் போனால் மகளின் கதி என்ன என்று வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

முட்டை

சுண்ணாம்புப் பூச்சு மினுமினுக்க வெள்ளைக்கரு சேர்ப்போம். அதுவோ சைவ வீடு. குமாஸ்தாவின் மனைவி ஒவ்வொரு சட்டியையும் மோந்து பார்த்தார். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும்தான் என்று சத்தியம் செய்தேன். மினுமினுப்பு மட்டும் கொஞ்சம் குறையும் என்றதும் அந்தம்மா உள்ளே ஓடி ஒரு செம்போடு வந்தார்.

"நெய் ஊத்திப் பூசுங்க. எம்புட்டு வேணும்னு மட்டும் சொல்லுங்க!"

குடியிருந்தவர்

விரிசலுக்குள் ஒரு பல்லி. அதை உள்ளே வைத்துப் பூசினால் பாவம் என்று குமாஸ்தா என் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். புகை போட்டோம், தட்டினோம், கெஞ்சினோம். வியாழன் மத்தியானம் எனக்குப் பொறுமை போய், உள்ளே பல்லியே இல்லை என்று சாதித்தேன். அவர் அசையவில்லை.

"வெளிய போயிருக்கும் கொத்தனாரே. திரும்பி வந்து வீட்டைக் காணோம்னா அது எங்க போகும்? பொழுது சாயட்டும்."

மாமாவின் முதுகு

பொழுது சாய்ந்ததும் பல்லி விரிசலிலிருந்தே சாவகாசமாக இறங்கிப் போனது. பிறகுதான் பூசினேன். வெள்ளிக்கிழமை விடிந்தும் பூச்சு ஈரம். அதை மறைக்க, பெண்ணின் நல்ல ஆகிருதியான தாய்மாமனை முன்னால் உட்கார வைத்து, "சாஞ்சிராதீக" என்று ஆளாளுக்குச் சொன்னோம். எதற்கும் இருக்கட்டும் என்று என்னையும் முற்றத்தில் நிறுத்தினார்கள்.

மாமா கேசரி சாப்பிட்டார், கண் சொருகியது, சாய்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் கிளம்ப எழுந்ததும் மரியாதைக்கு அவரும் எழுந்தார். முதுகோடு பூச்சும் பாளமாகப் பெயர்ந்து வந்தது.

பழைய விரிசல் பல்லைக் காட்டியது. குமாஸ்தா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா நேரே வந்து விரிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். அடியில் கல் கொடுத்தாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க வீட்டுல இதைவிடப் பெருசு, சம்மந்தி! அதைப் பாத்துத்தான் எவரும் பொண்ணு குடுக்க மாட்டேங்கிறாக. கொத்தனாரே, நாளைக்கே எழுமலைக்கு வாரீகளா?"

நான் ஒழுங்காகப் பூசிய சுவர்கள் எத்தனையோ உண்டு, பெயர்ந்து விழுந்த சுவருக்குத்தான் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது.