கொழுந்து அவிஞ்சிருமாம்

எங்கக்கா ஸ்டெல்லாவுக்கு ஏழாவது மாசம். போன ஐப்பசி, மழ விடாம பேஞ்ச ஒரு செவ்வாக்கெழம மத்தியானம், தேயிலக் கொழுந்து நிறுக்கிற எடத்துல தலையப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டா. கண்ணு மங்குதுன்னா. மூஞ்சி ஊதி அவ மாதிரியே இல்ல.

செபக் கூட்டத்து ஆளுங்க வாசிக்கிறீங்க, டீசன்டா எழுதணும்னுதான் பாத்தேன். முடியல. நடந்தது அசிங்கம், அசிங்கமாத்தான் வரும்.

எங்க தோட்டம் கண்டிக்கு அங்கிட்டு, பன்வில பக்கம். சொகமில்லன்னா மொதல்ல டிஸ்பென்சரி. அங்க துண்டு எழுதித் தந்தாத்தான் தோட்டத்து லொறி கெடைக்கும். அக்காவத் தூக்கிட்டுப் போனோம். பிரசர் பாக்குற மெசின் ஒடஞ்சி ரொம்ப நாளாம். மருந்துக்காரரு பெனடோலு குடுத்து, புள்ளத்தாச்சிக்கு தல வலிக்கத்தான் செய்யும்னாரு. அக்கா அவரு மேசையிலயே வாந்தி எடுத்தா. அப்பதான் துண்டு எழுதுனாரு, மூக்கப் பொத்திக்கிட்டு. த்தூ.

ஆம்புலன்சுக்கு ஃபோன் அடிச்சேன். மண்ணு சரிஞ்சதால தோட்டத்துக்குள்ள ஏறாதாம், ரோட்டுக்குக் கொண்டாங்கன்னாங்க. ரோட்டுக்கு மூணு கட்ட, மூணு மைலு. துண்டோட லொறிக்கு ஓடுனா கிளாக்கரு விடல. கொழுந்து ஏத்தியாச்சாம், ஃபெக்டரிக்குப் போயி எறக்கிட்டுத்தான் வருமாம்.

"சாக்குக்குள்ளயே கெடந்தா கொழுந்து அவிஞ்சிரும் தம்பி."

கொழுந்து அவிஞ்சிருமாம். எங்கக்கா என்ன ஆனாலும் பரவால்லயாம்.

அம்மா லயத்து வீட்டுக்கு ஓடி கிளினிக் கார்ட எடுத்தாந்தாங்க. எங்க வீட்டுல கவர்மென்ட் காயிதம் எது வந்தாலும் பொலித்தீன்ல சுத்தி மாதா படத்துக்குப் பின்னாலதான் வைப்போம். அந்தக் கார்டுல மிட்வைஃப் மிஸ் சிங்களத்துல எழுதியிருந்தாங்க: பிரசர் கூடிருக்கு, ஒடனே பெரிய கிளினிக் போகணும்னு. எழுதி மூணு வாரம். மிஸ் சிங்களத்துல சொல்ல, அக்கா வெளங்காம தலைய ஆட்டிட்டு வந்திருக்கா. வீட்டுல சிங்களம் வாசிக்கத் தெரிஞ்சது நா ஒருத்தன்தான். கெம்பஸ்லருந்து வந்தப்ப அம்மா வாசிச்சிச் சொல்லச் சொன்னாங்க. ஃபோன நோண்டிக்கிட்டே, பொறகு பாக்குறேன்னுட்டேன். எல்லாரையும் விட என் மேலதான் எனக்குக் கொமட்டுச்சு.

சேத்துலயே முட்டி போட்டேன். அழகான செபமெல்லாம் வரல. "ஆண்டவரே, இந்த ஆளுங்கள நம்ப முடியாது. என்னயும் நம்ப முடியாது. நீங்க இருந்தா இப்ப வாங்க. பொறகு வேணாம்." அம்புட்டுதான்.

எந்திரிக்கக்குள்ள லெச்சுமி அத்த லொறி மேல நிக்குது. மாரியம்மன் கோயில் ஆளு, நம்ம சர்ச்சுப் பக்கமே வந்ததில்ல. அன்னிக்குத் தான் ஆஞ்ச கொழுந்துச் சாக்க இழுத்துக் கீழ தள்ளுச்சு.

"எனக்கு இன்னிக்குப் பேரு போடாட்டிப் போகுது. புள்ளைய ஏத்துங்கடி."

ஒவ்வொரு பொம்பளையா ஏறி அவங்கவங்க சாக்க எறக்குனாங்க, அன்னிக்கு ஒழைப்பு மொத்தத்தையும். பேரு போடலன்னா அன்னிக்குச் சம்பளம் கெடையாது. கிளாக்கரு கத்துனாரு. டிரைவர் அண்ணன் சாவியத் திருப்பிக்கிட்டே சொன்னாரு, "இப்ப லொறி சும்மாதானே ஐயா நிக்கிது."

ரோட்டுல ஆம்புலன்ஸ் நின்னுச்சு. கட்டுகஸ்தோட்ட பாலம் தாண்டுறப்ப அக்காவுக்கு வலிப்பு வந்திருச்சு. கண்டியில எறங்குன ஒடனே ஒப்பரேசன். கொஞ்சம் பிந்தியிருந்தா ரெண்டு பேருமே இல்லன்னாங்க டொக்டர். பாப்பா கண்ணாடிப் பொட்டிக்குள்ள கெடந்தா, என் உள்ளங்கைய விட கொஞ்சம் பெருசு. இப்ப பால் குடிச்சிட்டு ஊரக் கூட்டுறா. அக்காவும் சொகமாயிட்டா. ஆண்டவருக்கு கோடி நன்றி.

நா மாறிட்டேன். சனிக்கெழம லயம் லயமாப் போயி எல்லாரோட கார்டையும் வாசிச்சிச் சொல்றேன். கோயில் ஆளு, சர்ச் ஆளுன்னு பாக்குறதில்ல.

அந்தப் பொம்பளைங்க ஒருத்தருக்கும் அன்னிக்குப் பேரு போடல. டிஸ்பென்சரி மெசினும் இன்னும் ஒடஞ்சேதான் கெடக்கு. அவங்க மேலயும் என் மேலயும் உள்ள இந்த அருவருப்ப எடுத்துருங்கன்னு செபத்துல கேட்டேன். எல்லாத்தையும் குடுத்தவரு இத மட்டும் எடுக்கல. வச்சிக்கிட்டு வேலயப் பாருங்குறாரு போல.

நீங்களும் கேளுங்க. கோவம் வந்தா கோவத்தோடயே கேளுங்க, அவரு தாங்குவாரு. கேட்டுட்டு கண்ணத் தொறந்து பாருங்க, லொறி மேல யாராவது ஏறிட்டாங்களான்னு. ஏறலன்னா நீங்க ஏறுங்க.